ஏரி தெரியும் வீடு

கல்யாணமாகி ஓராண்டு வரை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கணவன் மனைவி. அவர் கிருஷ்ணகிரியில் வேலை பார்த்தார். நான் பெங்களூரில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி ஆபீஸ் போய்வந்தேன். பிறகு அவருக்கு ஓசூரில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஓசூரில் வீடு எடுத்தால் நான் ஆபீஸ் பஸ்ஸிலேயே போய்வரலாம். தினமும் ஒரே வீட்டுக்குத் திரும்பலாம் என்ற நினைப்பே இருவருக்கும் தித்தித்தது.

வீடுதான் அமையவில்லை. அவருக்கு வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க அமைதியான இடம் வேண்டும். எனக்கோ பஸ் வரும் ஹைவே பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஹைவே ஓரம் பார்த்த வீட்டில் லாரிகளின் ஹாரனுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவில் ஒரு வீடு பார்த்தோம். அங்கே தெருநாய்களைத் தவிர யாரையும் காணோம்.

கடைசியில் புரோக்கர் ஒரு வீட்டைக் காட்டினார்.

"ஏரி தெரியற வூடு சார். காத்து பிச்சுக்கும். பாத்துட்டுப் பூட்டி, எதுத்த வூட்ல சாவியக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் பறந்தார்.

உண்மையிலேயே அழகான வீடு. பெரிய ஜன்னல்கள், வெள்ளைத் தரை. பஸ்ஸுக்கும் பக்கம். நாங்கள் ஹாலில் உட்கார்ந்து எந்தப் பக்கம் கட்டில், எந்தப் பக்கம் டிவி என்று சண்டை போட்டோம். ஃபேன் காற்று எப்படி வருகிறதென்று பார்க்க அவர் தரையில் மல்லாந்து படுத்தே விட்டார். எனக்குச் சிரிப்பு தாளவில்லை. இதுதான் நம் வீடு என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் மழை பிடித்தது.

முதலில் ரசித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றோம். கொஞ்ச நேரத்தில் தெருவில் தண்ணீர் ஓடியது. பிறகு ஓடாமல் நின்று ஏறத் தொடங்கியது. எங்கள் ஸ்கூட்டரின் சைலன்சர் மறைந்தது. வாசற்படி மறைந்தது. வெள்ளைத் தரையில் செம்மண் தண்ணீர் மெதுவாக உள்ளே வந்தது. புரோக்கருக்கு போன் செய்தால் அவர் எடுக்கவில்லை.

எதிர்வீடு உயரமான மேடை போட்டுக் கட்டியது. அதன் வராந்தாவிலிருந்து ஓர் அம்மா கை காட்டிக் கூப்பிட்டார். "அங்கியே நிக்காதீங்க, இங்க வந்துருங்க!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போனோம். அவர் துண்டு கொடுத்தார். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்துதான் அவருக்குப் பேச்சு. என் கணவரைப் பார்த்து, "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார்.

இவர் நாகரசம்பட்டிக்காரர். வீட்டை 'ஊடு' என்றுதான் சொல்வார். வீடு அமைந்துவிட்டதா என்று கேட்பதாக நினைத்து, "இல்லீங்க, ரெண்டு மாசமா அலையறோம்" என்றார்.

"ரெண்டு மாசமா!" அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

கன்னடத்தில் ஊட்டா என்றால் சாப்பாடு என்று நான் விளக்கியதும் மூவரும் சிரித்தோம். சிரித்தபடியே அவர் சுடச்சுடக் களியும் கீரைக் குழம்பும் எடுத்துவந்து வைத்தார். பசி எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாப்பிடும்போது, "மழைன்னா இப்பிடி ஆவும்னு முன்னாடியே சொல்லக் கூடாதாங்கம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா வூட்டுக்காரரு சண்டைக்கு வராரும்மா. அதான் மழையே சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "மேல ஒரு வூடு இருக்குது. எம்மக கல்யாணமாகிப் போனதுல இருந்து சும்மாதான் கெடக்குது. பாக்கறீங்களா?" என்றார்.

"புரோக்கர் சொல்லவே இல்லையே?" என்றார் என் கணவர்.

"அவருகிட்டச் சொல்லல. வரவங்கள நானே பாத்துக் குடுக்கணும்னு இருந்தேன். எல்லாரும் குழாயத் தொறந்து பாப்பாங்க, செவுத்தத் தட்டிப் பாப்பாங்க. நீங்க தரையில படுத்துச் சிரிச்சுட்டு இருந்தீங்க. ஜன்னல்ல தெரிஞ்சுது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவர் களியை விழுங்காமல் என்னைப் பார்த்தார்.

மேல்வீடு சின்னது. சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். ஆனால் படுக்கையறை பின்பக்கம், தெருச் சத்தம் எட்டாத இடத்தில் இருந்தது. ஜன்னலை மூடினால் பட்டப்பகலிலும் இருட்டு. இவர் அதை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தார்.

"இவங்க ஆபீஸ் பஸ்ஸு?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

"பின்னால மேட்டுத் தெரு வழியாப் போனா ஹைவேதான். எம்மகளும் அங்கதான் ஏறுவா. அந்தப் பக்கம் தண்ணி நிக்காது."

நானும் அவரும் ஒரே நேரத்தில் சரி என்றோம்.

அடுத்த வாரமே மினி லாரியில் சாமான்கள் வந்தன. பர்கூரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய இரும்பு பீரோ மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எப்படியோ இழுத்து இறக்கி, கயிறு கட்டி பால்கனி வழியாகத் தூக்குவதென்று முடிவானது. தெருவே கூடிவிட்டது. வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் "மெல்லகே!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கில் "மெல்லகா!" என்றார். நான் "மெல்ல, மெல்ல!" என்று கீழே நின்று கூச்சல் போட்டேன். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்கு எல்லாமே புரிந்தது. பீரோ ஒரு சுற்றுச் சுற்றி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அலுங்காமல் உள்ளே இறங்கியது.

யாரோ கை தட்டினார்கள். வீட்டுக்கார அம்மா எல்லாருக்கும் டீ போட உள்ளே போனார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.