மாம்பழத்தின் மேல் போட்ட பழி

ஆனி வெயிலில் தார்ச்சாலையில் மிதிபட்டு நசுங்கிய மாம்பழத்தின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் ஒரு பழைய பிடி இறுகப் பார்க்கும். காரைக்காலில் பிறந்தவளுக்கு இதைவிட வேடிக்கையான சங்கடம் இருக்க முடியாது. மாங்கனித் திருநாளன்று சிவன் பிச்சாண்டவர் கோலத்தில் வீதியுலா வரும்போது இருபக்கத்து மாடிகளிலிருந்தும் பழங்களை அள்ளி வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் குடையைத் தலைகீழாக விரித்தும் முந்தானையை ஏந்தியும் முண்டியடித்துப் பிடிப்பார்கள். அப்படிக் கைக்கு வந்த பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகிற ஊர் எங்களுடையது.

எங்கள் வீடு காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில். அப்பாவின் அக்காவான செல்வி அத்தைக்குச் சாமி வருகிற வீதியிலேயே மாடிவீடு. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், அத்தை வீட்டில் காலையில் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே கூட்டத்தில் நின்றேன். சாமி நெருங்கியபோது கூட்டமும் நெருங்கியது. திடீரென்று நெஞ்சு அடைத்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு தொண்டையோடு நின்றது, விரல்கள் மரத்துப்போயின, செத்துவிடப் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குள் ஓடினார். ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்த சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குள் தீர்ப்பும் தயாராகிவிட்டது.

"வெறும் வயித்துல மாம்பழத்தத் தின்னா நெஞ்சுல சூடு ஏறாம என்ன செய்யும்?" என்றார் அம்மா.

அன்றோடு எனக்கு மாம்பழம் நின்றது. ஊரே பழத்தை வானத்தில் வீசுகிற ஊரில், நான் மட்டும் வாழைப்பழம் தின்றேன். எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டு என் முன்னால் வருவதற்குள் "அவளுக்கு ஒத்துக்காது" என்று அம்மா முந்திக்கொள்வார். ஆனால் அந்த "மூச்சடைப்பு" நின்றதா என்றால் அதுதான் இல்லை. பள்ளிக் கூட்டத்தில் பேச எழுந்தால் வந்தது, பேருந்தில் நெரிசல் கூடினால் வந்தது, ஒன்றுமே நடக்காத ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்கூட வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா என் விரல்களை முகர்ந்து பார்த்து, "உண்மையச் சொல்லு, யார் வீட்டுல தின்ன?" என்று விசாரணை நடத்துவார். தின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்!

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் பேனாவைப் பிடிக்க முடியாமல் விரல்கள் மடங்கிக்கொண்டபோதுதான் என்னை ஒழுங்கான டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அந்த டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நெஞ்சுலயும் கோளாறு இல்ல, மாம்பழத்துலயும் கோளாறு இல்லம்மா. பதட்டத்துல வர்றது இது. நீ படுற கஷ்டம் நெஜம், ஆனா அது உயிரை எடுக்காது. வந்துச்சுன்னா மூச்சைப் பிடிச்சு இழுக்காத. மெதுவா, நீளமா வெளிய விடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை வருடமும் என்னை ஆட்டிவைத்ததற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது! ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டோவில் அப்பா தாழ்ந்த குரலில், "இத வெளிய சொல்லிக்க வேணாம். மனசு வியாதின்னு பேசுவாங்க. நாளைக்கு நாலு எடத்துலேர்ந்து பொண்ணு கேட்டு வரணும். மாம்பழம்னே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அம்மா தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தில் மூச்சு மிக நன்றாகவே வந்தது. என் உடம்பில் நடப்பதற்கு நான் பொய்ப் பெயர் சொல்லிக்கொண்டு ஆயுசுக்கும் ஒளிய வேண்டுமா? மாட்டேன் என்று அந்த ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஆனியில் அத்தை வீட்டு மாடியில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது, வீசுவதற்காக வைத்திருந்த கூடையருகே போனேன். சாமி வருவதற்கு முன்னால் அதைத் தொடக்கூடாது என்பதால், சமையலறையில் நறுக்கியிருந்த தட்டை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க நடுவில் நின்று தின்றேன். சாறு முழங்கை வரை வழிந்தது.

"ஐயையோ, ஒனக்கு ஒத்துக்காதேடி!" என்று அத்தை பதறினார்.

"மாம்பழம் ஒண்ணும் பண்ணாது அத்தை. எனக்குப் பதட்டம் வரும், அப்ப மூச்சடைக்கும். டாக்டரே சொல்லிட்டாங்க."

"மூணு வேளை சோறு, தலைக்கு மேல ஃபேன், ஒனக்கு என்னடி பதட்டம்?"

"தெரியல அத்தை. தெரிஞ்சா மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்வேன்."

அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கி வீதிக்குப் போனேன். சாமி நெருங்கியதும் அதுவும் வந்தது, சொல்லிவைத்தாற்போல. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து நீளமாக மூச்சை விட்டேன். கண்ணீர் கொட்டியது, வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓடவில்லை. சாமி என்னைக் கடந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் போனது.

அத்தை இப்போது இல்லை. அந்த மாடிவீட்டை இடித்துச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள். என் மூச்சடைப்பு மட்டும் எங்கும் போகவில்லை. தேவைப்பட்டபோது மாத்திரை சாப்பிட்டேன், மனநல ஆலோசனைக்குப் போனேன், அப்படிப் போவதை அலுவலகத்திலும் சொன்னேன். பொண்ணு கேட்டு வந்தவர்களிடமும் நானே சொன்னேன். வந்த வழியே போனவர்கள் போனார்கள், உட்கார்ந்து கேட்டவர் என் கணவர்.

இந்த வருடத் திருநாளுக்கு அம்மாவும் என்னோடு வந்திருந்தார். கூட்டம் நெருக்கியபோது நான் கண்ணை மூடி மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன். பழைய பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பொண்ணு மாம்பழம் எதுவும் தின்னுடுச்சா?" என்று அம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது.

"மாம்பழமெல்லாம் நல்லாத் தின்னுவா. அவளுக்குப் பதட்டம் வருங்க" என்றார் அம்மா, வீதிக்கே கேட்கும்படி. "இப்ப மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."