பூக்கட்டிப் பார்த்த பிச்சி

பேட்டையில் நாங்கள் கட்டிய புது வீட்டில், வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரே ஒரு செடி வைக்கிற அளவுக்குத்தான் மண் விட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் சிமெண்ட். அந்த இடத்தில் அம்மாவுக்குப் பிச்சிப்பூக் கொடி வேண்டும். அப்பாவுக்கு மந்தாரை மரம் வேண்டும்.

"மந்தாரப் பூவத் தலையில வைக்க முடியுமா?" என்பாள் அம்மா.

"ஏளா, வண்டி சீட்டு வெயில்ல தீயாச் சுடுது. ஒரு நெழல் வேண்டாமா?" என்பார் அப்பா. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கிவருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்று நாள் இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

நான் அம்மா கட்சி. எனக்கு ஏழு வயது. வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருப்பவள் தினமும் பிச்சி வைத்துவந்து, சடையை என் முகத்துக்கு நேரே வீசித் திரும்புவாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூ.

கடைசியில் அப்பாவே, "அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு ஒரு சிறு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வருவதுதான் அம்மன் வாக்கு. வெள்ளைக்குப் பிச்சி, சிவப்புக்குச் செம்பருத்தி என்று பூ வாங்கி, செய்தித்தாளில் மடித்துக் கட்டியது அப்பா. வெள்ளை வந்தால் அம்மா ஜெயித்தாள், சிவப்பு வந்தால் அப்பா. எடுக்கிற பிள்ளை நான்.

"கண்ண மூடிட்டு, பையப் பைய எடு தாயி" என்றார் பூசாரி. கண்ணைத்தானே மூடச் சொன்னார்? கும்பிடுகிற மாதிரி நன்றாகக் குனிந்தேன். முதல் பொட்டலத்திலேயே பிச்சி வாசம் கும்மென்று ஏறியது. செம்பருத்திக்கு ஏது வாசம்? சட்டென்று எடுத்துவிட்டேன். பிரித்தால் பிச்சி! அம்மா குலவை போடாத குறைதான். அம்மனையே ஏமாற்றிவிட்ட என் மூளையை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சாமியே சொன்ன பெறவு நான் என்னத்தச் சொல்ல?" என்று அப்பா மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு பிச்சி கேட்டின் மேல் ஏறிப் பூத்துத் தள்ளியது. நான் முன் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்து, வேண்டிய மட்டும் சடையை வீசித் திரும்பினேன்.

கோயிலிலிருந்து வந்த அன்றைக்கே ஒன்று நடந்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நின்றிருந்த நான் திரும்பி அப்பா சட்டைப் பையில் முகத்தைச் சாய்த்தேன். அங்கேயும் பிச்சி மணந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா தலையில் வைத்த பூ இவ்வளவு தூரம் மணக்கிறதே என்றுதான் நினைத்தேன். இரண்டு பொட்டலத்திலும் அப்பா பிச்சியையே கட்டியிருந்தார் என்பது, அம்மனையே ஏமாற்றிய அந்த மூளைக்கு எட்டவே இல்லை.