ஆயுத பூசையன்று பேயிடம் பேசிய அக்கா

கேன்டீன் அக்காவின் வேலையைப் பறித்தது நீங்கள்தான். பழியை ஜப்பான்காரர் மேல் போட்டீர்கள். எங்கள் கம்பெனியின் பர்சனல் ஆபீசரான உங்களைத்தான் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் கேமரா போன் புதிதாக வந்திருந்த வருஷம். ஆயுத பூசை. மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்திருந்தோம். ஜப்பான் இன்ஜினியர் தன் ஊர் நாடகம் ஒன்றை ஆடிக் காட்ட ஆசைப்பட்டார். கதையை இங்கிலீஷில் எழுதி உங்களிடம் கொடுத்தார். நீங்கள் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. "ஜப்பான் டான்ஸ், எல்லாரும் கை தட்டணும்" என்றதோடு சரி.

வெள்ளையாய் ஒரு பெண் முகமூடி, பட்டு அங்கி. காலைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நடந்தார். டேப்பில் யாரோ அடித்தொண்டையில் ஓலமிட்டார்கள். ஓர் எட்டு வைக்க ஒரு நிமிஷம் ஆனது.

"இன்னாப்பா, பவர் கட்டா?" என்றான் பக்கத்திலிருந்த வெல்டர். சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருபவர். புருஷன் இறந்து இரண்டு வருஷம், வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கம் செத்தவர்கள் யார் மேலாவது இறங்கினால், யாரென்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்த உருவம் மெல்லக் கையை உயர்த்திக் கண்ணை மறைத்ததும், அக்கா பூசைத் தட்டில் கற்பூரம் ஏற்றி அதன் எதிரே போய் நின்றார்.

"யாரும்மா நீ? யாரைத் தொலைச்சிட்டு இப்படி அழுதுக்கினு கீறே? சொல்லும்மா, கேக்குறோம்."

ஜப்பான்காரர் ஆட்டத்தை நிறுத்தி முகமூடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. அக்காவின் முன் இடுப்பு வளையக் குனிந்தார். பிறகு உங்களிடம் வெகுநேரம் பேசினார். நீங்கள் எங்களிடம் சொன்னது ஒரே வரி: "சார் ரொம்பக் கோவமா இருக்காரு."

அந்த வாரமே அவர் ஊர் திரும்பிவிட்டார். விருந்தாளியை அவமானப்படுத்தியவளுக்கு இனி வேலை இல்லை என்று அக்காவைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். "நான் இன்னா தப்பா கேட்டுட்டேன், நைனா?" என்றார் வாட்ச்மேனிடம்.

உங்கள் அறையை மாற்றியபோது குப்பையில் ஜப்பான்காரர் கதை எழுதித் தந்த அந்தத் தாள் கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். காதலனை இழந்து செத்தவள் பேயாக அலைகிறாள். வழியில் வந்த சாமியார் ஒருவர் நீ யார், ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார். அவள் எல்லாவற்றையும் சொல்லி அடங்குகிறாள். அன்று சாமியாராக நடிக்க ஆளில்லை. அந்த வேலையைத்தான் அக்கா செய்திருக்கிறார்.

அக்கா இப்போது புதுவாயலில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். விருந்தாளியை அவமானப்படுத்திவிட்டதாக இன்றும் நம்புகிறார். கோபப்பட்டவர் அப்படிக் குனிவாரா?

கேன்டீனில் மூன்று ஷிப்ட் ஆட்களையும் கூட்டுங்கள். அக்காவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அன்று ஜப்பான்காரர் உங்களிடம் என்ன சொன்னார் என்று மைக்கில் சொல்லுங்கள்.