மச்சாள் மறித்த மரணம்

என் கணவர் மேடையில் சாகப்போகிறார் என்ற செய்தி மார்க்கம் நகரை எட்டிய அன்றே, அங்கே இருக்கும் அவருடைய அக்கா, என் மச்சாள், எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார்.

நைஜீரியாவின் யொரூபா மக்களைப் பற்றிய ஒரு துன்பியல் நாடகத்தை நான் தமிழாக்கியிருந்தேன். அரசன் இறந்துவிட்டான். அவனுடைய குதிரைத் தலைவன், முரசொலிக்கு ஆடியபடியே, தன் மனவலிமையால் மட்டும் உயிரை விட்டு அரசனுக்கு வழித்துணையாகப் போக வேண்டும். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று கருதும் வெள்ளைக்கார அதிகாரி அவனைப் பிடித்து அடைக்கிறான். மறிக்கப்பட்ட அந்தச் சாவினால் ஊரின் ஒழுங்கே குலைந்துபோகிறது. குதிரைத் தலைவன் என் கணவர்.

"போன வருசம் நெஞ்சைப் பிளந்து காப்பாத்தின மனுசனை, நீர் எழுதிச் சாக்காட்டப் போறீரோ?" என்று மச்சாள் கேட்டார். அந்த அறுவைச் சிகிச்சை முடியும்வரை மருத்துவமனை வாசலில் தண்ணீரும் குடியாமல் இருந்தவர் அவர்.

என் கணவரோ பின்வாங்குவதாயில்லை. எனவே எங்கள் நிலவறையில் மச்சாளுக்கும் நாடக நெறியாளருக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. மச்சாளின் நிபந்தனைகள்: கால் பெருவிரல்களைக் கட்டக்கூடாது, வெள்ளை போர்த்தக்கூடாது, தலை தெற்கே இருக்கக்கூடாது. மூன்றையும் நெறியாளர் பணிவாக ஏற்றுக்கொண்டு, கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தபடி நாடக மண்டபத்து மேடையைச் சுற்றி நடந்தார். சபை இருந்த பக்கம்தான் தெற்கு. ஆகவே குதிரைத் தலைவன் சபைக்கு உள்ளங்கால்களைக் காட்டியபடி சாவதென்று முடிவாயிற்று.

நாடகத்தன்று பிற்பகல் மச்சாளும் நானும் முன்வரிசையில் இருந்தோம். முரசு உச்சத்தை எட்டியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக அதிகாரி பாய்ந்து வந்து என் கணவருக்கு விலங்கு மாட்டினார். மண்டபம் கைதட்டியது. ஆதிக்கத்தின் அகந்தையை உணர்த்த நான் பல மாதம் இழைத்த காட்சி அது.

"நல்ல பெடியன். உவன் ஆரின்ர பிள்ளை?"

"வீட்டுக்கடன் ஏஜென்ட், மச்சாள். ஆனா கதையில உவர்தான் பிழையான ஆள்."

"என்ன பிழை? இவ்வளவு சனத்துக்குள்ள உவன் ஒருத்தன்தானே மறிச்சவன்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாரும், முடிஞ்சுது."

முடியவில்லை. சிறைக் காட்சியில் மானமிழந்த குதிரைத் தலைவன், காலம் தப்பியபின், விலங்குச் சங்கிலியாலேயே தன் உயிரை முடித்துக்கொண்டு சாய்ந்தான். உள்ளங்கால்கள் எங்களைப் பார்த்தன. மச்சாள் மேடைப்படியில் ஏறுவதை நான் கண்டபோது அவர் பாதித் தூரம் போய்விட்டார்.

"தம்பி, காணும். எழும்பு."

பிணம் உதடசையாமல் பேசியது. "அக்கா, போய் இருங்கோ. இன்னும் ரெண்டு வசனம் கிடக்கு."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "நானும் மறிச்சுப் பாத்தனான், அக்கா. ஆள் கேக்கேல்லை."

சபை அதையும் நாடகமென்றே எடுத்துக்கொண்டது. வெளியே வரும்போது ஒருவர், அந்தத் தமக்கை பாத்திரம் இயல்பாய் இருந்தது என்று என்னைப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

மச்சாள் எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தார். வெளிக்குழாயைக் குளிர்காலத்துக்காக மூடிவிட்டிருந்ததால், வெந்நீரும் மஞ்சளும் கலந்த வாளியோடு கராஜ் வாசலை மறித்து நின்றார்.

"செத்த வீட்டால வாறாய். முழுகிப்போட்டு உள்ள வா."

"செத்தது ஆர், அக்கா?"

"நீதான்."

என் கணவர் சாரத்துக்கு மாறிக்கொண்டு கார்களுக்கிடையே குந்தினார். மச்சாள் சருவச்செம்பால் மொண்டு ஊற்றினார். நீர் நெஞ்சின் தழும்பில் வழிந்தது. அழுக்குத் தேய்ப்பதுபோல் அவர் கை அங்கே போய், தேய்க்காமல் நின்றது.

"துடிக்குது," என்றார் என்னைப் பார்த்து, கணக்கு ஒப்புவிக்கும் குரலில். பிறகு, "பிள்ளை, இன்னொரு வாளி கொண்டு வாரும். உது ஆறிப்போச்சு."