ஒருபக்கம் இருந்து போன ஞாயிறுகள்

மோட்டார் சைக்கிளின் ஹான்டிலை நான் உயர்த்தியபோது எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கச் சிரித்தது. மணிக்கட்டு நோகாமல் ஓட வேண்டுமென்றால் முன்னுக்குக் குனிந்து உடம்பின் பாரத்தைக் கையில் போடக் கூடாது; நிமிர்ந்து இருக்க வேண்டும். அதற்காக ஹான்டிலுக்குக் கீழே இரும்புக் கட்டை வைத்து உயர்த்தினேன். பிடியில் பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றித் தடிப்பாக்கினேன். மூட்டு வீங்கிய என் விரல்களுக்கு மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் வதை. எதிர்வீட்டுக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது மோட்டார் சைக்கிளா மாட்டுவண்டிலா, மாட்டை இழுத்துப் பிடிக்கிற நாணயக்கயிறு எங்கே என்று கேட்டார். கேட்கட்டும். அவருக்கும் ஒருநாள் மணிக்கட்டு நோகும், அப்போது என்னிடம்தான் வருவார்.

என் நோவுக்கு இப்படிச் சுலபமாக வழி கிடைத்துவிட்டது. எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது பின்சீற் வெறுமையாகக் கிடந்ததுதான். அதில் என் மனைவி மறுபடி ஏறி இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நாங்கள் இருவரும் பழையபடி வல்வெட்டித்துறைக்குப் போய்வர வேண்டும். வேறொன்றையும் நான் கேட்கவில்லை.

அவள் வல்வெட்டித்துறைக்காரி. வாசலைத் திறந்தால் கடல் தெரியும் வீட்டில் பிறந்தவள். நான் அரியாலை. எங்களுக்கும் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது பரவைக்கடல். முழங்காலளவில் அலை இல்லாமல் படுத்துக் கிடக்கும். அதை நான் கடல் என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். கலியாணம் கட்டிய காலம் தொட்டு, சண்டையால் பாதை அடைபட்டிருந்த வருடங்கள் நீங்கலாக, ஞாயிறு பின்னேரங்களில் அவளுடைய தமக்கை வீட்டுக்குப் போய்வருவது எங்கள் வழக்கம். மோட்டார் சைக்கிள்கள் மாறின. வழக்கம் மாறவில்லை.

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு, ஒருபக்கமாக ஏறி இருப்பாள். எங்கள் பக்கத்தில் சேலை கட்டிய பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள். வலக்கை என் தோளில் இருக்கும். இடக்கை மடியில் இருக்கும் பையைப் பிடித்திருக்கும். நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் கடந்து, அச்சுவேலி கடந்து, தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் இடப்பக்கம் முழுக்கக் கடல். அந்த இடத்தில் அவளுடைய கை என் தோளை விட்டு எடுபடும். எதையோ காட்டுவாள், யாருடைய வள்ளம், எந்தப் பக்கம் நீரோட்டம் என்று சொல்லிக்கொண்டே வருவாள். நான் பாதையில் மாடு நிற்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தபடி ஓம், ஓம் என்பேன். போகும்போது அவளுக்கு வாய் மூடாது. வரும்போது ஒரு சொல் வராது. தமக்கையை விட்டுவிட்டு வருகிற கவலை, அல்லது களைப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நில அளவைப் படங்கள் கீறுகிற உத்தியோகம் எனக்கு. நாட்டின் பாதைகள் எல்லாம் கடதாசியில் தெரியும், கண்ணால் கண்டது கொஞ்சம். ஓய்வு பெற்றதும் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நீண்ட பயணத்துக்கென்றே செய்த இந்தப் பாரமான வண்டியை வாங்கினேன். திருகோணமலை, மட்டக்களப்பு, மலைநாடு என்று இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தே பாதிப் பயணத்தை முடித்திருந்தோம். அதே வருடம் அவளுக்கு மூட்டுவாதம் வந்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவாள். திருகோணமலையைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. கொஞ்ச நாளில் ஞாயிறும் நின்றது.

ஓட்டோவில் வரலாம்தானே என்று தமக்கை தொலைபேசியில் சொன்னார். போனோம். ஓட்டோவின் கூடு தாழ்வானது. உள்ளே இருப்பவருக்குச் சாரதியின் முதுகும் கொஞ்சம் தார் ரோட்டும்தான் தெரியும். பொதி கட்டி அனுப்பியதுபோல் போய் இறங்கினேன் என்று அன்றைக்கு அவள் சொன்னாள். அடுத்த கிழமை, நீங்கள் மட்டும் போய் அக்காவிடம் முருங்கைக்காயைக் குடுத்துவிட்டு வாங்கோ என்றாள். நானும் போனேன். போகிற வழியெல்லாம் என் வலத்தோள் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் கிடந்தது. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னமே அவள் கேட்டாள்.

"கடல் எப்பிடிக் கிடந்தது?"

"நல்லாக் கிடந்தது."

"என்ன நிறம்?"

"நீலம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த முறை வண்டியை நிற்பாட்டி, பரீட்சைக்குப் படிப்பவன்போல் கடலைப் பார்த்தேன். கரையோரம் பச்சை, அங்கால் கறுப்பு, நடுவில் ஏதோ ஒரு கோடு என்று வந்து ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டாள். அந்தக் கோடு எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆளுக்குக் கடலைச் சொல்லிக் காட்ட முடியாது என்பது அன்றைக்கு விளங்கியது.

அதற்குப் பிறகுதான் படம் கீறத் தொடங்கினேன். உத்தியோகத்தில்கூட அவ்வளவு கவனமாகக் கீறியது இல்லை. ஒருபக்கமாக இருப்பவருக்கு வசதியான பின்சீற்: அகலம் கூட்டி, கீழே கடினமான ஸ்பொஞ்ச், மேலே மெதுமை. விழாமல் சாய்ந்துகொள்ள முதுகுத் தாங்கி. முழங்காலை அதிகம் மடிக்காமல் பாதத்தை வைக்க, இடப்பக்கம் தாழ்வாக ஒரு அகலத் தகடு. பள்ளத்தில் விழுந்தால் தூக்கி எறியாதபடி பின் ஸ்பிரிங்கை இளக்கச் சொன்னேன். வெல்டிங் ஒரு இடம், குசன் வேலை இன்னொரு இடம். குசன் கடைக்காரர் என் படத்தை நிமிர்த்தியும் கவிழ்த்தும் பார்த்தார். இதிலே தேத்தண்ணி வைக்க ஒரு தட்டும் போட்டுவிடட்டோ என்று கேட்டார். என் படத்தைப் பார்த்து யாரும் சிரித்தால் எனக்குப் பிடிக்காது, ஆனால் அன்றைக்குச் சந்தோசத்தில் நானும் சிரித்தேன்.

வெள்ளோட்டத்துக்கு அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வாசற்படியோடு ஒட்டி வண்டியை அணைத்து நிறுத்தினேன். படியிலிருந்தே அவளால் ஏறி இருக்க முடிந்தது. ஒழுங்கை முடியும்வரை நான் ராசா. பிள்ளையார் கோயிலடியில் அவளுடைய கை என் தோளை நசிக்கத் தொடங்கியது. விரலால் அல்ல, விரலுக்கு அந்தப் பலம் இல்லை, முழுக் கையாலும்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள். இறங்கி, கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோவு முகத்தில் தெரியாமல் இருக்க அவள் பட்ட பாடு நோவைவிடக் கூடுதல். "உது இனிச் சரிவராது. விடுங்கோ. நீங்கள் பாவம்."

வீடுவரைக்கும் அவள் நடந்தாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தேன். எனக்குக் கடுங்கோபம், ஸ்பொஞ்சில், ஸ்பிரிங்கில், ரோட்டில், கோயிலுக்குள் பேசாமல் இருந்தவரில். வண்டியைத் தடித்த படங்குச் சீலையால் மூடிக் கட்டினேன். கிழமைக்கு ஒருமுறை பற்றறி செத்துப்போகாமல் இருக்க மூடியை விலக்கி எஞ்சினை ஓட விடுவேன். அந்த நேரம் முன்சீற்றில் ஏறி இருந்து சும்மா கேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் யாரோ ஏறுகிற பாரத்துக்காக உடம்பு தன்பாட்டில் காத்துக்கொண்டிருக்கும். வயதுபோன மனிசனுக்கு இது என்ன ஆசை என்று என்னையே திட்டுவேன். ஆசை போகவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பிள்ளையிடம் ஒருநாள் இந்தக் கதையை அவளே சிரிப்பாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு கதிரையில் அவளை ஒருபக்கமாக இருக்க வைத்து, முன்னுக்குப் பார்க்கச் சொன்னாள். இடுப்பு ஒரு திசை, நெஞ்சு ஒரு திசை.

"சீற்றிலை பிழையில்லை, அன்ரி. இப்பிடி இருந்தா இடுப்பு முறுகிக்கொண்டேதான் இருக்கும். என்ன மெத்தை போட்டாலும் நோகும். ரெண்டு பக்கமும் காலைப் போட்டு இருந்து பாருங்கோ."

வீடு வந்தோம். செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"இந்த வயசிலை பஞ்சாபி உடுப்பும் போட்டுக்கொண்டு, ரெண்டு பக்கமும் காலைப் போட்டு, நான் இந்த ஒழுங்கையாலை போறதோ?"

எங்கள் ஒழுங்கைப் பெண்பிள்ளைகள் எல்லோரும் தாங்களே ஸ்கூட்டி ஓடி வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிறவளும் அவள்தான். ஆனால் அது அவர்கள். வாழ்நாள் முழுக்கச் சேலையோடு படியிறங்கியவளிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருக்கிற ஆசையை இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பது என்று முடிவெடுத்தேன். முருங்கைக்காயும் நானுமாகப் பஸ்ஸிலேயே ஞாயிறுகள் போயின. ஒருமுறை தமக்கை ஒரு துணிப் பையைத் தந்து, இதைத் திறந்து பார்க்காமல் அவளிடம் கொடு என்றார். பார்க்காமல்தான் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கடும்நீலப் பஞ்சாபி. சால்வையை இரண்டு பக்கமும் ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். தமக்கை தைப்பித்து அனுப்பியது; பொதி சுமந்தவன் நான். என்னைச் சிரிக்கவோ புகழவோ விடாத முகம்.

"படங்கை எடுங்கோ," என்றாள்.

எடுத்தேன். வண்டியைப் படியோடு அணைத்தேன். அவள் ஒரு காலைத் தூக்கினாள். முதுகுத் தாங்கி குறுக்கே நின்றது. நான் அளந்து கீறி, வெல்டிங் பிடித்து, பெருமைப்பட்டுக்கொண்ட அந்தத் தாங்கியைத் தாண்டி அவளுடைய முழங்கால் போக மறுத்தது. அவள் காலை இறக்கினாள். அவளுடைய மனம் மாறிவிடுமோ என்று பயந்தேன். ஸ்பனர் சாவியை எடுத்து வந்து, அவள் நிற்க நிற்கவே நட்டுகளைக் கழற்றித் தாங்கியைப் பூச்சாடிகளுக்கு நடுவில் எறிந்தேன். இரண்டாம் முறை கால் போனது. ஒரு சின்னச் சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு வண்டி பின்பக்கம் மெல்லப் பதிந்தது.

அந்தப் பதிவை என் உடம்பு மறக்கவில்லை. பிடிக்க விரல்களுக்குப் பலமில்லாதபடியால் இரண்டு கைகளையும் முழங்கைவரை என் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருடமும் அவளுடைய ஒரு கைதான் எனக்குக் கிடைத்திருந்தது. முகம் தெரியாமல் ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் கேற்றில் நின்றார். பகிடி விட வாய் எடுத்தவர், கவனமாகப் போயிட்டு வாங்கோ என்று மட்டும் சொன்னார்.

நீர்வேலியில் ஒருமுறை நிறுத்தி அவள் முழங்காலை நீட்டி எடுத்தாள். பாலம் தாண்டியதும் இடப்பக்கம் கடல் வந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முடிகிற காலம், அலை அதிகம் இல்லை. கைகளை எடுத்துக் காட்ட முடியாதபடியால் அவள் தாடையால் என் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினாள். தமக்கை வாசலில் நின்று தங்கையின் உடுப்பைப் பார்த்து அழுதார், பிறகு சிரித்தார். தேத்தண்ணி குடித்தோம். இருட்டுவதற்கு முன் போக வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். என் மணிக்கட்டும் எரியத் தொடங்கியிருந்தது.

திரும்பி மேற்கே வரும்போது கடல் வலப்பக்கம். ஊரைத் தாண்டியதும் அவள் கதைக்கத் தொடங்கினாள். திரும்புகிற பயணத்தில் அவள் கதைத்து நான் கேட்டதே இல்லை. கரையில் ஒரு வெள்ளைத் தண்ணீர், அதற்கங்கால் பாசி நிறம், அதற்கும் அங்கால் மைபோல என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகப் போகச் சொன்னாள்.

"நோகுதோ?"

"நோகுதுதான். அதுக்கில்லை." இரண்டு ஹெல்மெட்டும் மெல்ல இடிபட்டன. "நான் ஒருநாளும் கடலைப் பாத்துக்கொண்டு வீட்டை வந்ததில்லை. போகேக்கை முன்னாலை கிடக்கும். வரேக்கை முதுகுக்குப் பின்னாலை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாப்பன். நீங்கள் ஆடாமல் இரும் எண்டுவியள்."

சொல்லியிருக்கிறேன்தான். முன்னுக்கு இருப்பவனுக்குக் கடல் போகும்போதும் உண்டு, வரும்போதும் உண்டு. அவளுக்கு வரும்போது வேலிகளும் மதில்களும்தான். இத்தனை ஞாயிறுகளில் அவள் சொல்லாமல் வந்த பாதி எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேகத்தை இன்னும் குறைத்தேன். எவ்வளவு குறைத்தாலும் பாலம் கிட்ட வந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தாண்டினால் அச்சுவேலி, பிறகு வீடு. நாளைக்கு அவள் படுக்கையால் எழும்ப மாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பாலத்துக்கு முன்னால் ஓரமாக எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியைத் திருப்பினேன். பாரமான வண்டி, மணிக்கட்டு உயிர் போனது.

"எங்கை போறியள்? அக்கா வீட்டிலை எதையும் விட்டிட்டு வந்தியளோ?"

"இல்லை," என்றேன். "இன்னொருக்கால் திரும்பி வாறதுக்கு."