மாமா வேண்டாம் என்ற லைப்ரரி

பதின்மூன்று வயதில் மாமாவோடு ஒரு லைப்ரரிக்காகச் சண்டை போட்டேன். புத்தகம் வைக்கிற லைப்ரரி இல்லை; வெப் பக்கம் செய்கிறவர்கள் எடுத்துப் பாவிப்பதற்கென்று யாரோ எழுதி வைத்த கோட் தொகுப்புக்கும் அந்தப் பெயர்தான்.

மாமா அம்மாவின் தம்பி. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தினார். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் சொன்னதே தீர்ப்பு. பாடசாலைக் கண்காட்சிக்காக நான் ஒரு பக்கம் செய்யக் கிளம்பினேன். குண்டசாலை என்று ஊர்ப் பெயரை அடித்தால், பக்கம் முழுவதும் மறுபடி ஏறாமல் அடுத்த பஸ் நேரம் மட்டும் வந்து விழ வேண்டும்.

"பெரிய கம்பெனியெல்லாம் இதத்தான் பாவிக்கிறாங்க" என்று மாமா ஒரு லைப்ரரியைத் தந்தார். அதன் முதல் பக்கமே வேறு நாலு சாமான்களை ஏற்றிவிட்டு வா என்றது. மூன்று நாள் மல்லுக்கட்டினேன். திரை வெள்ளையாகவே இருந்தது. பிழை எங்கே என்றுகூடச் சொல்லவில்லை. நாலாம் நாள் நானே தேடி ஒரு சின்ன லைப்ரரியைப் பிடித்தேன். ஒரே ஃபைல். என் அரைகுறை இங்கிலீசுக்கும் விளங்கியது. நேரத்தைக் கேட்டு அனுப்பியும் சர்வரிலிருந்து பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் உதாரணம் இருந்தது. அன்று சாயங்காலமே முதல் பஸ் நேரம் திரையில் வந்தது.

மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது விளையாட்டுச் சாமான். இதக் கொண்டு போனா என் மருமகள்னு யார்கிட்டயும் சொல்லாத. கண்காட்சிக்கு என் லேப்டாப்பும் தரமாட்டேன்."

"மாமா சொல்றதக் கேளேன்" என்றார் அம்மா.

"அது மாமாவுக்கு விளங்குது. எனக்கு இதுதான் விளங்குது. செய்யப் போறது நான்தானே?"

அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைத் த்ரீவீலரில் ஏற்றி, திரையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் தங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மாமாவும் வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவருடைய கிளாசுக்குப் போனேன். வெள்ளைப் பலகையில் என் சின்ன லைப்ரரியின் பெயர்! "புதுசா படிக்கிறவங்களுக்கு இதுதான் லேசு" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கிளாஸ் முடிந்ததும், அதே லைப்ரரியை வைத்துத் தான் எழுதிய கோட் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார். "இந்த இடத்தில ஏன் பதில் வரல, சொல்லு பார்ப்போம்."

இன்னும் என்னைச் சோதிக்கிறாராக்கும் என்று நினைத்தேன். விடுபட்ட வரியைத் தட்டிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினேன். அவர் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.