கடலூர் முதுநகரில் கை நனைத்த கதை

1. பில்லுக்கு ஒரு சண்டை

ஹோட்டலில் பில் கட்டாமல் நழுவப் பார்க்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கட்டியே தீருவேன் என்று ஒருவரும், வாங்கவே மாட்டேன் என்று இன்னொருவரும் கல்லாவுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியதை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் நின்று திட்டு வாங்கியவனும் நான்தான். அவர்களை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நானாயிற்றே.

அரியலூர் டாக்ஸி ஸ்டாண்டில் நெடுங்காலம் அம்பாசிடர் ஓட்டினேன். இப்போது வழியைச் செல்போனே சொல்லிவிடுகிறது. ஆனாலும் எங்கே சாப்பிடலாம் என்று வண்டி பிடிக்கிற பார்ட்டி இன்றைக்கும் டிரைவரைத்தான் கேட்கிறது. ஸ்டாண்டில் நிற்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

2. துறைமுகத்தில் எங்கே சாப்பிடுவது

நம் பக்கத்து ஆட்கள் ஏரிக் கெண்டையும் கருவாடும் தின்று வளர்ந்தவர்கள். சிதம்பரம் தாண்டி உப்புக் காற்று மேலே பட்டதுமே மீன் சாப்பாடு, மீன் சாப்பாடு என்று பின் சீட்டில் பறப்பார்கள். கடலூரோ நாகப்பட்டினமோ, துறைமுகம் உள்ள எந்த ஊரானாலும் விஷயம் ஒன்றுதான். வாசலில் மீன் படம் பெரிதாக வரைந்திருந்தால் வண்டியை நிறுத்தாதீர்கள், தட்டில் வருகிற மீன் சின்னதாக இருக்கும். கடல் தெரிகிற ஹோட்டல் என்றால் கடலுக்கும் சேர்த்துப் பில் போடுவான். உள்ளே போய் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேளுங்கள். எப்போது போனாலும் இருக்கிறது என்பவன் ஐஸ் பெட்டியை நம்பிப் பிழைக்கிறவன். "இன்னிக்கு வரல, சங்கரா இருக்கு, வேணும்னா உக்காருங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறான் பாருங்கள், அவன் கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம்.

கடலூர் முதுநகரில் அப்படி ஒரு கடை இருந்தது. படகில் இருந்து கூடை இறக்குகிற ஆட்கள் சாப்பிடுகிற கடை. சந்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பெயர்ப்பலகை கிடையாது. பார்ட்டியோடு போனால் டிரைவருக்கு இலவசச் சாப்பாடு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ நாக்குக்காகவே அங்கே போனேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

3. காபி குடிக்காத மாப்பிள்ளை வீடு

ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்த கோவிந்தசாமி எனக்கு வாடிக்கைப் பார்ட்டி. அவருக்கு ஒரே மகன், செல்வராசு. அவனுக்குப் பெண் பார்க்க என் வண்டியில்தான் ஊர் ஊராகப் போனோம். பெரியவர் வண்டியில் ஏறியதும் எல்லோருக்கும் பாடம் நடத்துவார்.

"பொண்ணு வூட்டுல பச்சத்தண்ணி கூடக் குடிக்கப்படாது. கை நனைச்சுட்டா முடிஞ்சுது. அப்புறம் வேணாம்னு சொல்ல வாயி இருக்காது."

ஒரு வீட்டில் கை நனைத்தால், அதாவது சோறு சாப்பிட்டுவிட்டால், சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். மற்றவர்கள் பஜ்ஜி, காபியாவது சாப்பிடுவார்கள். இவர் அதையும் தொடமாட்டார். பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பார், "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று எழுந்துவிடுவார். அந்த லெட்டர்களில் ஒன்றையாவது எந்த போஸ்ட்மேனும் கண்ணால் பார்த்ததில்லை. இப்படியே செல்வராசுக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் கடலூருக்குக் கிளம்பினோம். மீன்சுருட்டியில் டீக்கு நிறுத்தியபோது செல்வராசு என்னைத் தனியாக ஓரங்கட்டினான். சட்டைப் பையில் இருந்து பெண்ணின் போட்டோவை எடுத்துக் காட்டினான். மூலையெல்லாம் மடங்கிப் போயிருந்தது.

"அண்ணே, இந்த எடமாச்சும் முடியணும்ண்ணே. கொட்டை உடைக்க வர்ற புள்ளைங்க என்னைய சித்தப்பான்னு கூப்புட ஆரம்பிச்சிடுச்சுங்க. இந்தப் பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு."

"அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானப்பா?"

"அவருகிட்ட யாரு பேசுறது?" என்று டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் டிரைவர் வேலை ஸ்டியரிங்கோடு சரி.

4. யார் வீட்டுச் சோறு

பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பதால் முதலில் வயிற்றை ரொப்பிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. "கலியமூர்த்தி, நல்ல மீன் சாப்பாடு எங்க கெடைக்கும்?" என்று பெரியவர் கேட்டார். நேராகச் சந்துக் கடைக்கு விட்டேன். பெரியவர், அவர் மனைவி, செல்வராசு மூன்று பேரும் வெட்டு வெட்டென்று வெட்டினார்கள். பெரியவர் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கி, விரலை மடக்கி மடக்கி நக்கினார்.

கை கழுவிவிட்டு, கடைக்காரரிடம் பில் எவ்வளவு என்று கேட்ட கையோடு வழியும் கேட்டார். "இங்க வலைக் கடை முருகேசன் வூடு எதுங்க? அவரு மகளப் பொண்ணு பாக்க வந்திருக்கோம்."

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தேவிட்டார். "அடடா, ஆண்டிமடத்துக்காரங்களா? முருகேசன் என் தங்கச்சி புருஷனுங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் நான்தான். மொதல் சோறே நம்ம கடையில! சம்பந்திகிட்ட காசா? எடுங்க கைய."

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. ஈரக் கையை உதறினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, தெரிஞ்சேதான கூட்டியாந்த?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

"தெரியாமத் தின்னது கணக்குல வராது" என்று பெரியவர் வாதத்தை ஆரம்பித்தார். "காசு குடுத்தாச்சுன்னா அது ஓட்டல் சோறு. புடிங்க காச."

கடைக்காரருக்கும் சுள்ளென்று ஏறிவிட்டது. "வாங்கினா நானே சம்பந்தத்த வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். என் தங்கச்சி என்னைய வாசல் மிதிக்க விடுவாளா?" கல்லாவை இழுத்துப் பூட்டினார்.

கூடை இறக்குகிற ஆட்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து தீர்ப்புச் சொன்னார்கள். செல்வராசுவின் அம்மா மட்டும், "கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பெரியவர் விடுவதாக இல்லை. நோட்டுகளை மகன் கையில் திணித்தார்.

"டேய், இத அந்த மேசையில வச்சுட்டு வண்டியில ஏறு. நாம ஊருக்குப் போறோம். பொண்ணும் பாக்க வேணாம், ஒண்ணும் வேணாம்."

அந்தக் காசு மேசையில் விழுந்தால் செல்வராசுவின் கதை அதோடு முடிந்தது. அவன் கல்லா வரை போனான். நின்றான். காசை அப்பாவின் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டு, காலியாக இருந்த ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு எல போடுங்க. கொஞ்சம் சோறு வைங்க."

மாமா இலையைப் போட்டு, சோறு வைத்து ரசம் ஊற்றினார்.

"என்னடா பண்ற?" என்றார் பெரியவர்.

"தெரியாமத் தின்னா கணக்கு இல்லன்னீங்கள்ல? இப்ப தெரிஞ்சே திங்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பிசைந்து வாயில் வைத்தான். வயிற்றில் துளி இடம் இல்லை என்பது அவன் விழுங்கிய விதத்திலேயே தெரிந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரசத்தில் மிளகு தூக்கல் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வைத்தேன்.

அதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. பெரியவரையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் அங்கே போனதும் பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். "எனக்காக ரெண்டு சாப்பாடு சாப்புட்டவர எப்படி வேணாம்னு சொல்றது?" என்று அது சிரித்தது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டே காபி டம்ளரைக் கையில் எடுத்தார்.

5. படித்த பாடம்

தம்பிகளே, நல்ல கடையைக் காட்டுவது வரைக்கும்தான் டிரைவர் வேலை. இலையில் உட்காருவதா, எழுந்து போவதா என்பதைச் சாப்பிடுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். முப்பத்து மூன்று வயது வரைக்கும் அப்பா போட்ட இலையில் சாப்பிட்டவன், அன்றைக்குத்தான் தனக்கு இலை போடச் சொல்லிக் கேட்டான்.